மஸ்கட்டில் சொந்தக்காரர், முக்கூடலில் வயல்

ஒருத்தர் வயலுக்கு இன்னொருத்தரை ஆள் பிடித்துக் கொடுத்து, அறுப்பு முடிந்ததும் குத்தகையை வாங்கி அனுப்பிவைப்பது என் தொழில். மழை பெய்தாலும் என்னைத்தான் திட்டுவார்கள், பெய்யாவிட்டாலும் என்னைத்தான் திட்டுவார்கள். வீட்டுத் தரகர்கள், கல்யாணத் தரகர்கள், அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளைகள் எல்லாரும் என் பாட்டைப் புரிந்துகொள்வீர்கள். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போங்கள்.

முக்கூடல் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊரில் டேவிட் அண்ணாச்சி என்றால் தெரியும். ஆற்றுப் பாசனத்தில் நிலத்தை வைத்துவிட்டு வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட ஏழெட்டுப் பேரின் வயல்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. ஆனால் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட சங்கதிகள் பெரும்பாலும் ஒரே வயலில்தான் நடந்தன. மேலப்பாளையத்து அமீன் பாயின் வயல் அது. எங்கள் கணக்கில் ஒரு கோட்டை விதைப்பாடு. உங்கள் கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட.

காகிதம் வேண்டாம்

எங்கள் பக்கத்தில் குத்தகை என்பது வாய்ப்பேச்சு. வரப்பில் நின்றுகொண்டு "நீ வச்சுக்கோ" என்றால் முடிந்தது. எழுதிக் கொடுத்தால் பயிரிடுகிறவர் நாளைக்கு உரிமை கேட்டுவிடுவாரோ என்று சொந்தக்காரர்களுக்குப் பயம். ரசீதுகூடத் தரமாட்டார்கள். நானோ பத்திர எழுத்தர் ஒருவரிடம் உதவியாளாக இருந்துவிட்டு வந்தவன். காகிதம் இல்லாமல் ஒரு காரியம் நடந்தால் எனக்கு வேட்டி அவிழ்ந்த மாதிரி இருக்கும்.

அதனால் அமீனின் வயல் என் கைக்கு வந்ததும் முதல் வேலையாக முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் தட்டச்சு செய்தேன். அமீனைக் கெஞ்சிச் சம்மதிக்கவைத்தேன். பிறகு அந்த வயலைப் பல வருஷமாகப் பயிரிட்டுவரும் பேச்சியம்மாளிடம் கொண்டுபோனேன். பேச்சியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மகள் பாளையங்கோட்டையில் நர்சிங் படிக்கிறாள். வயல், மாடு, வீடு மூன்றையும் ஒரே ஆளாகச் சுமக்கிறவர்.

களை பறித்துக்கொண்டிருந்தவர் கரையேறி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சட்டம் தெரிந்தவன் என்ற மிதப்பில் நான் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. சொந்தக்காரர்தான் எழுத்துக்குப் பயப்படுவார் என்று நினைத்திருந்த நான் அசந்துபோனது அவர் சொன்ன பதிலைக் கேட்டுத்தான்: "அண்ணாச்சி, காயிதத்துல போட்டா முடியுத தேதியும் போடணும்லா? வாய்ப்பேச்சுக்கு முடியுத தேதி கிடையாது. நீங்க பைய வீட்டுக்குப் போங்க."

வெள்ளிக்கிழமைப் பார்வை

அமீன் மஸ்கட்டில் ஒரு பெரிய மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. அவருக்கு விடுமுறை என்றால் எனக்கு வேலை. வீடியோ காலில் கூப்பிட்டு, "வயலக் காட்டுங்க அண்ணாச்சி" என்பார். நான் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வரப்பெல்லாம் நடக்க வேண்டும். தென்கிழக்கு மூலை காட்டு, வாய்க்கால் மடை காட்டு, கொக்கு நிற்கிறதா என்று காட்டு. அந்தப் பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு பச்சையைப் பார்க்கிற ஆசை என்று பொறுத்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால், போன் திரையில் அந்த மனிதரின் முகம் மலர்வதைப் பார்க்க எனக்கும் பிடித்திருந்தது.

ஒரு நாள் நடவு முடிந்த வயலைக் காட்டிக்கொண்டே வந்தவன் வழுக்கி, முழங்கால் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். போன் மட்டும் கையில் உயரமாக நின்றது. அமீனுக்கு வானம் தெரிந்திருக்கும். பேச்சியம்மாள் ஓடிவந்து முதலில் போனை வாங்கிக்கொண்டார், பிறகுதான் என்னைத் தூக்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் முனகுவது மஸ்கட் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். அங்கிருந்து மிகுந்த கவலையோடு ஒரு குரல் வந்தது: "அண்ணாச்சி, நீங்க விழுந்தது இருக்கட்டும். நாத்து ஒண்ணும் சாயலயே?"

ஒரு ரூபாய் குத்தகை

நடுவில் வேறொரு வயலின் கதை. பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் சார்வாள். அவருடைய வயலைப் பயிரிடுகிற சுடலைமுத்து குத்தகையோடு வாழைத்தார், முருங்கைக்காய், உடன்குடிக் கருப்பட்டி என்று எதையாவது சுமந்துகொண்டுபோய், சார்வாள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அரை நாள் பேசிவிட்டு வருவார். சார்வாளுக்குப் பொறுமை போய், இனி குத்தகையைப் போன் வழியாகவே அனுப்பச் சொல்லு என்று எனக்கு உத்தரவு போட்டார். சுடலைமுத்து மகளிடம் கேட்டுப் போனில் பணம் அனுப்பப் பழகினார்.

அறுப்பு முடிந்தது. ஒரு நாள் காலையில் சார்வாள் பதறிக்கொண்டு எனக்குப் போன் செய்தார். குத்தகை வந்துவிட்டதாம். வந்தது ஒரு ரூபாயாம். "விளைச்சல் அவ்வளவு மோசமா டேவிட்?" என்கிறார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். களத்தில் நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த சுடலைமுத்து நிதானமாக நிமிர்ந்தார்: "சரியான ஆளுக்குத்தான் போவுதான்னு ஒத்த ரூவா போட்டுப் பாத்தேன் அண்ணாச்சி. சார்வாள் இம்புட்டு சத்தம் போடுதாவன்னா சரியான ஆளுதான். இந்தா, பாக்கியப் போட்டுருதேன்."

லாபம் எங்கே?

பேச்சியம்மாளிடமே வருவோம். உழவுக்கு டிராக்டர் கடன், கடையில் உரம் கடன், நடவுக் கூலிக்கு மகளிர் குழுவில் கடன். அறுத்து, கடன்களைத் தீர்த்து, குத்தகையை அளந்து, வீட்டுக்குச் சாப்பாட்டு நெல் எடுத்து வைத்தால் கையில் மிஞ்சுவது வைக்கோல்தான். ஒரு நாள் மனது கேட்காமல், "ஏன்க்கா, இதுக்கு இவ்வளவு பாடு? பேசாம விட்டுட்டு நிம்மதியா கூலிக்குப் போனா என்ன?" என்று கேட்டுவிட்டேன். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பயிர்க்கடன். இவர் பேரில் ஒரு சாண் மண் கிடையாது. அப்புறம் எதை நம்பி இத்தனை பேர் இவருக்குக் கடன் தருகிறார்கள் என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டே அவர் எனக்கு விளக்கினார். மகளின் காலேஜ் கட்டணம் பாலில் போகிறது. பால் மாட்டிடம் இருக்கிறது. மாடு வைக்கோலில் நிற்கிறது. சங்கிலி அதோடு நிற்கவில்லை. எனக்குப் புல்லரித்துப்போனது கடைசியில் சொன்னதற்கு: "வயலு லாபம் தருதான்னா கேக்கீய? வயலு இருக்குன்னுதான் ஒரக்கடைக்காரன் கடன் தாரான், குழுவுல கடன் தாராவ, காலேஜுல ரெண்டு மாசம் பொறுக்காவ. வயலு இல்லன்னா எனக்கு உப்பு புளிகூட ஒருத்தனும் கடனாத் தரமாட்டான் அண்ணாச்சி."

நடாத நாற்றுக்கு வந்த பணம்

ஒரு மார்கழியில் ஆறு கரை தாண்டிவிட்டது. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிர். தண்ணீர் வடிந்தபோது வயல் இருந்த இடத்தில் மணல் கிடந்தது. பேச்சியம்மாள் அழவில்லை. மண்வெட்டி எடுத்துவந்து மணலை ஓரமாகத் தள்ள ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் கண் கலங்கியது. சில மாதம் கழித்து அரசாங்கத்தின் நிவாரணப் பணம் வந்தது. வந்தது பட்டாக்காரரின் கணக்குக்கு. அதாவது மஸ்கட்டில் இருக்கிற அமீனுக்கு.

என் பொறுப்பில் இருந்த மற்ற வயல்காரர்கள் அந்தப் பணம் பற்றி மூச்சு விடவில்லை. அமீன் மட்டும், இது என்ன பணம் என்று கேட்டார். சொன்னேன். அதை மேலப்பாளையத்தில் இருக்கும் தன் மனைவி சபுராவிடம் போய் வாங்கி, பேச்சியம்மாளிடம் சேர்க்கச் சொன்னார். சட்டப்படி அது உங்கள் பணம்தான் என்று அதிகப்பிரசங்கித்தனமாக நான் சபுரா அம்மாளிடம் எடுத்துச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் இருந்து உறையை நீட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "நாம நடாத நாத்துக்கு வந்த காசு. இத வச்சு உலை வச்சா பிள்ளையளுக்கு எப்படி ஹலாலாவும்? கொண்டு போங்க அண்ணாச்சி."

வாழைக்காரர்

அப்படிப்பட்ட அமீன் போன புரட்டாசியில் ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டார். மஸ்கட்டில் கடையை மூடிவிட்டார்கள். கையில் இருந்தது கொஞ்சம், கட்டி முடியாத மாடி ஒன்று, காலேஜில் இரண்டு பிள்ளைகள். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த நேரம் பார்த்து வள்ளியூரில் இருந்து தங்கராஜ் வந்து இறங்கினார். ஊர் ஊராக வயலைப் பிடித்து ஏத்தன் வாழை போடுகிற வியாபாரி.

அவர் சொன்ன குத்தகை, பேச்சியம்மாள் தருவதைப்போல இரண்டு மடங்கு. அதுவும் மூன்று வருஷத்துக்கும் முன்பணமாக, மொத்தமாக. அமீனின் மாடி எழும்பிவிடும். எனக்கும் தரகு கொழுத்த தரகு. இதை மறைப்பானேன், அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். போவதற்கு முன் தங்கராஜ் என் தோளில் தட்டி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "வே டேவிட், வயலு எனக்குக் காலியா வரணும். நாளைக்கு ஒரு பொம்பள வந்து வரப்புல நின்னு அழுதான்னா வாழ தார் போடாது வே."

வரப்பில் சொல்கிற வார்த்தை

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வயலை விடச் சொல்லுகிற வார்த்தையை ஒருத்தர் வீட்டு வாசலில் வைத்துச் சொல்லக் கூடாது. அடுப்பெரிகிற வீட்டுக்குள் அந்தச் சொல் போகக் கூடாது என்பார்கள். வரப்பில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் ஊரில் இருந்தால் அவரும் கூட நிற்க வேண்டும். அமீனையும் கூட்டிக்கொண்டு நான் வயலுக்குப் போனேன். கார் போகத்து அறுப்பு முடிந்து நெல்தாள் மட்டும் நின்றது. பத்து வருஷம் போனில் பார்த்த வயலில் அமீன் காலை வைத்தார். வைத்த பிறகு தலை நிமிரவே இல்லை.

பேச்சியம்மாள் வரப்பில் அருகம்புல் செதுக்கிக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றுக்கும் அவசியம் வரவில்லை. எங்கள் இருவரையும் பார்த்தார், மண்வெட்டியைக் கீழே வைத்தார், அமீனைப் பார்த்து "வாங்க பாய், சொகமா இருக்கீயளா?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "வீட்டுக்கு வராம ரெண்டு பேருமா வரப்புக்கு வாரீயன்னாலே தெரியாதா அண்ணாச்சி? சொல்லுங்க. வாழையா, பிளாட்டா?"

ஊரார் யோசனை

விஷயம் பரவியதும் ஊரே வக்கீலாகிவிட்டது. இத்தனை வருஷம் பயிர் வைத்தவளை யாரும் அசைக்க முடியாது, கோர்ட்டுக்குப் போ என்று பேச்சியம்மாளுக்கு ஒரு கூட்டம் ஓதியது. அவள் பாதி நிலத்தைக் கேட்பாள், முந்திக்கொள் என்று அமீனுக்கு ஒரு கூட்டம் ஓதியது. அமீன் பயந்துபோய்ச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். பேச்சியம்மாள் கேட்டது ஒன்றுதான். அடுத்த போகமான பிசானத்துக்கு அணையில் தண்ணீர் திறக்கிற வரைக்கும் தவணை. அதற்குள் வாழைக்காரர் சொன்ன குத்தகையைத் தானே தர முடியுமா என்று பார்ப்பாராம். முடியாவிட்டால் பேசாமல் விட்டுவிடுவாராம்.

எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று வருஷப் பணத்துக்கு இவர் எங்கே போவார்? மனசாட்சி உறுத்த, "அக்கா, கோர்ட்டுக்குப் போனா உங்க பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்யுது" என்று என் தரகுக்கு நானே உலை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்: "கேசு போட்டா இந்த வயலு கிடைக்கும் அண்ணாச்சி. பொறவு இந்த ஊருல வேற ஒரு பொம்பளைக்கு எவன் வயலு குடுப்பான்? பேச்சியம்மா மாதிரி இவளும் கேசு போடுவான்னு சொல்ல மாட்டானா?"

மேலப்பாளையத்தில் பத்துப் பேர்

அணையில் தண்ணீர் திறந்த மறுநாள் அமீன் வீட்டுக் கூடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். தங்கராஜ் சாயங்காலம் பணத்தோடு வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்னாலேயே வாசலில் பேச்சுச் சத்தம். பேச்சியம்மாள் வந்திருந்தார். கூடவே அவருடைய நடவுக் கூட்டத்துப் பெண்கள் ஒன்பது பேர். முக்கூடலில் இருந்து டவுன் பஸ் மாறி மாறி வந்திருக்கிறார்கள். பேச்சியம்மாள் ஒரு மஞ்சள் பையை அமீன் முன்னால் வைத்தார். வாழைக்காரர் தருகிற அதே குத்தகை, ஒரு வருஷத்துக்கு, முன்பணமாக. அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் தருவார்களாம். அமீன் பையைத் தொடவில்லை. அவர் பார்வை வேறு எங்கோ நின்றது. அப்போதுதான் நானும் கவனித்தேன். பத்துப் பேர் காதிலும் கம்மல் இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க, வாரியலில் இருந்து ஒடித்த ஈர்க்குச்சி செருகியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கோயிலில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

"வயலு பேச்சியம்மாளுக்குத்தான? நீங்க எதுக்கு நகைய அடகு வச்சீய?" என்று அமீன் தட்டுத் தடுமாறிக் கேட்டார். கூட்டத்தில் மூத்தவரான செல்லக்கனி முன்னால் வந்தார். "வாழைக்கு நடுவ உண்டுமா? களையெடுப்பு உண்டுமா? எங்க மாட்டுக்கு வைக்கோலு உண்டுமா? இந்த வயலு வாழையாச்சுன்னா அடுத்த வயலுக்காரனுக்கும் ஆச வரும். பொறவு நாங்க பத்துப் பேரும் எங்கன போயிக் குனிய?" என்றார். ஒரே ஆளின் குத்தகை என்று இத்தனை வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்த வயலில் பத்து வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அமீன் கட்டி முடியாத மாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்தார். அவருக்கும் வேறு வழி இல்லை. மூன்று வருஷப் பணம் வந்தால்தான் மாடி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம்.

அதுவரை கதவுக்குப் பின்னால் இருந்தே பேசிப் பழகிய சபுரா அம்மாள் கூடத்துக்கே வந்துவிட்டார். ஒவ்வொருவர் காதாகப் பார்த்தார். செல்லக்கனியின் காதில் இருந்த ஈர்க்கை விரலால் தொட்டார். பிறகு கணவரிடம் திரும்பி, எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஒங்க விசாவுக்குக் காசு கட்டுன அன்னைக்கு என் காதுலயும் இதே ஈர்க்குச்சிதான் கிடந்துச்சு. திரும்பக் கம்மலு ஏற மூணு வருசமாச்சு. நான் வெறுங்காதோட இருந்ததுல நம்ம வீடு எந்திரிச்சுது. பத்துப் பேரு காத மூளியாக்கித்தான் அதுக்கு மாடி எழும்பணும்னா, எனக்கு மாடி வேண்டாம்."

நடவு நாள்

அமீன் தங்கராஜுக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். குத்தகையை அறுப்புக்கு அறுப்பு வாங்கிக்கொள்கிறேன், முன்பணம் வேண்டாம் என்று பையைத் திருப்பி நீட்டினார். அதற்கும் அந்தப் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பேசினால் பேசினதுதானாம், இரக்கப்பட்டுத் தருகிற வயல் வேண்டாமாம். கடைசியில் ஒரு பூவுக்கான, அதாவது ஒரு போகத்துக்கான, பணத்தை மட்டும் அமீன் எடுத்துக்கொண்டார். மீதியை வைத்து, கூட்டுறவு சொசைட்டியில் அடகில் கிடந்ததில் ஐந்து பேரின் கம்மலை மீட்டார்கள். யாருடையதை முதலில் மீட்பது என்பதில் மட்டும் கொஞ்சம் சச்சரவு நடந்தது. நீ போடு, நீ போடு என்கிற சச்சரவு.

ஐப்பசியில் நடவு நடந்தது. அமீன் வரப்பில் குடையோடு நின்றார். பாளையங்கோட்டைச் சந்தையில் அரிசிக் கடை ஒன்றில் கணக்கெழுதப் போகிறாராம். நான் வரிசையாகக் குனிந்திருந்தவர்களின் காதுகளை எண்ணாமல் எண்ணினேன். பேச்சியம்மாள் காதில் இன்னும் ஈர்க்குதான் இருந்தது. மனது கஷ்டமாக, உங்கள் கம்மலை எப்போது மீட்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். நாற்று முடியைப் பிரித்துக்கொண்டே அவர் சிரித்தார்: "அது சொசைட்டி பீரோவுல பத்திரமா கிடக்கு அண்ணாச்சி. காதுல கிடந்தா சேத்துல விழுந்துருமோன்னு குனியும்போதெல்லாம் தடவிப் பாக்கணும்லா, அந்தத் தொல்ல இல்ல இப்ப."

ஆக, வாழைக்காரரின் கொழுத்த தரகும் கைவிட்டுப் போய், அன்று மேலப்பாளையம் பஸ் ஸ்டாப்பில் பத்துப் பேர் குடித்த டீக்காசும் என் தலையில் விழுந்து, அதற்காக ஒரு நிமிஷம்கூட வருத்தப்படாத ஒரே தரகன் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.